"மாப்பிள்ளை எந்த ஊரு அண்ணாச்சி?" கல்யாணப் பத்திரிகை அனுப்பி கடைத்தெருவை மொட்டை அடித்த கில்லாடிகள்!

வடசென்னையில் ஒரு கடைத்தெரு. பாத்திரக் கடை, மளிகைக் கடை, மருந்துக் கடை, அடகுக் கடை என்று இரண்டு பக்கமும் நெருக்கி அடித்துக்கொண்டு இருக்கும். அந்தத் தெரு வியாபாரிகள் 143 பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்து இருக்கிறார்கள். தண்ணீர் லாரி வரும் நேரம், கரண்ட் நிற்கும் நேரம், சங்கக் கூட்டம், யார் வீட்டிலாவது சாவு, எல்லாம் அதில்தான் வரும்.

2025 ஆகஸ்டு மாதம், ஒரு சனிக்கிழமை. மாலை 7 மணி. வியாபாரம் சூடாக இருக்கும் நேரம்.

குழுவில் ஒரு தகவல் வந்து விழுந்தது. அனுப்பியவர் பாத்திரக் கடை அண்ணாச்சி. அவர் பெயர், அவர் படம், அவர் நம்பர்.

"எங்கள் இல்லத் திருமண விழா. பத்திரிகையைத் திறந்து பார்த்து, குடும்பத்துடன் வந்து வாழ்த்தவும்."

அதன் கீழே ஒரு கோப்பு.

அண்ணாச்சிக்கு கல்யாண வயதில் ஒரு மகள். மூன்று வருடமாக வரன் தேடுகிறார். அது தெருவுக்கே தெரியும். "அப்பாடா, முடிஞ்சுது" என்று ஆளாளுக்குப் பத்திரிகையைத் திறந்தார்கள். வாழ்த்து மேல் வாழ்த்து குவிந்தது. நகைக்கடைக்காரர் ஒருவர், "பத்திரிகை திறக்க மாட்டேங்குது, மறுபடியும் அனுப்புங்க" என்று கேட்டு எழுதினார். அவர் வைத்து இருந்தது ஐபோன். அதில் அந்தக் கோப்பு வேலை செய்யாது. அவர் தப்பியது அதனால்தான்!

மளிகைக் கடைக்காரர் ஒருவர் கடையை விட்டு இறங்கி, எதிர்வரிசைக்கு நேராகவே போய்விட்டார்.

"மாப்பிள்ளை எந்த ஊரு அண்ணாச்சி?"

பாத்திரக் கடைக்காரர் விழித்தார். "எந்த மாப்பிள்ளை? யாருக்கு?"

அப்போதுதான் குட்டு உடைந்தது.

அவருக்கே கதவு அடைப்பு

அண்ணாச்சி தன்னுடைய செல்போனை எடுத்துப் பார்த்தார். வாட்ஸ்அப் திறக்கவில்லை. இந்த நம்பர் வேறு ஒரு போனில் பதிவாகி இருக்கிறது என்று காட்டியது. அவருடைய குழுவில் அவருக்கே இடம் இல்லை. அவர் பெயரில் யாரோ ஒரு ஆசாமி உள்ளே உட்கார்ந்துகொண்டு, அவருடைய மகளுக்குக் கல்யாணம் நடத்திக்கொண்டு இருந்தான்.

குழுவுக்கு மட்டும் இல்லை. அவர் போனில் இருந்த அத்தனை நம்பருக்கும் பத்திரிகை பறந்து இருந்தது. மொத்த வியாபாரி, கியாஸ் ஏஜென்சி, மகளின் பழைய டீச்சர், எல்லாருக்கும்.

இதில்தான் பெரிய இடி. தென்மாவட்டத்தில் இருந்து ஒரு வரன் அப்போது பேச்சுவார்த்தையில் இருந்தது. பையன் வீட்டு நம்பரும் போனில் இருந்தது. அவர்களுக்கும் பத்திரிகை போய்விட்டது.

இரவு 8 மணிக்கு பையனின் அப்பா பேசினார். "எங்ககிட்ட பேசிக்கிட்டே வேற இடத்துல முடிச்சிட்டீங்களே. நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். அண்ணாச்சியின் மனைவி அடுப்படியில் உட்கார்ந்து அழுதார்.

மூன்று நாள் ரகசியம்

அண்ணாச்சி அந்த வலையில் எப்படி விழுந்தார்?

அதற்கு மூன்று நாள் முன்பு, புதன்கிழமை, அவர் போனுக்கு ஒரு தகவல் வந்தது. "உங்கள் வாகனம் போக்குவரத்து விதியை மீறி உள்ளது. அபராதம் ரூ.500. விவரம் அறிய இதைத் திறக்கவும்." அதற்கு முந்தின நாள்தான் அவர் தன்னுடைய சரக்கு வண்டியை தங்கசாலைத் தெருவில் நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தி இருந்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்! திறந்தார். 'அனுமதி', 'அனுமதி' என்று கேட்ட இடத்தில் எல்லாம் அழுத்தினார். 500 ரூபாயைக் கட்டுவதற்காக பாங்கி கார்டு நம்பரையும் பதிந்தார். கடைசியில் திரை வெறுமையாக நின்றது. நெட் கோளாறு என்று விட்டுவிட்டார்.

அன்று இரவு கணக்கில் இருந்து ரூ.16 ஆயிரம் போனது.

காலையில் பார்த்தார். யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட.

"முப்பது வருசமா தராசு புடிக்கிறவன். எவனோ ஒருத்தன் ஏமாத்திட்டான்னு வெளியே சொன்னா, கடைக்கு எவன் வருவான்? அதான் வாயை மூடிக்கிட்டேன்" என்கிறார், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

வாயை மூடிக்கொண்டதற்குக் கிடைத்த பலன், அடுத்த இரண்டு இரவுகளில் மேலும் ரூ.22 ஆயிரம் அவுட். ஆக மொத்தம் ரூ.38 ஆயிரம்.

இங்கே ஒரு விவரம், கடைக்காரர்களும் குமாஸ்தாக்களும் தெரிந்துகொள்ள வேண்டியது. 2017 ஜூலை மாதம் ரிசர்வ் பாங்கி எல்லா பாங்கிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வாடிக்கையாளரின் அஜாக்கிரதையால் பணம் போனால், பாங்கிக்குத் தெரிவிக்கிற வரையில் உள்ள நஷ்டம் வாடிக்கையாளரைச் சேரும். தெரிவித்த பிறகு போகிற பணம் பாங்கியைச் சேரும் என்று அது சொன்னது. அண்ணாச்சி வியாழக்கிழமை காலையில் பாங்கிக்கு ஒரு போன் போட்டு இருந்தால், பின்னால் போன ரூ.22 ஆயிரத்துக்கு அவர் பாங்கியைக் கேட்டு இருக்கலாம். வெட்கம் அந்த வழியையும் அடைத்துவிட்டது.

பூக்கார அம்மாளின் சீட்டுப் பணம்

அதைவிடப் பரிதாபம், கோவில் முனையில் பூ விற்கிற ஒரு அம்மாள். அவரும் அந்தக் குழுவில் உறுப்பினர். மகன் வாங்கிக் கொடுத்த செல்போன். இங்கிலீசு படிக்கத் தெரியாது.

பத்திரிகையைத் திறந்தார். அது கார்டு நம்பரைக் கேட்டது.

"மொய்ப் பணத்தை இப்பல்லாம் முன்னாடியே வாங்கிக்கிறாங்க போலன்னு நெனச்சேன்பா. அண்ணாச்சி வீட்டு விசேஷமாச்சே" என்று சொல்கிறார். பக்கத்துக் கடைப் பையனிடம் கார்டைக் கொடுத்து நம்பரைப் பதியச் சொல்லி இருக்கிறார். 7.40 மணிக்கு ரூ.11 ஆயிரத்து 500 போய்விட்டது. அன்று மதியம்தான் சீட்டு எடுத்து கணக்கில் போட்ட பணம்.

முன்பின் தெரியாதவன் அனுப்பி இருந்தால் அந்த அம்மாள் திறந்து இருக்கவே மாட்டார். அண்ணாச்சி பெயரில் வந்தது. அதனால் திறந்தார். இந்தக் கும்பல்களின் கைவரிசை அதில்தான் இருக்கிறது. முதல் ஆளைக் கவிழ்க்க அபராதம் என்று பயம் காட்டுவார்கள். அடுத்த நூறு பேரைக் கவிழ்க்க அந்த முதல் ஆளின் நல்ல பெயரே போதும்!

கோப்புக்குள் என்ன?

பத்திரிகை என்று வந்தது படமும் இல்லை, காகிதமும் இல்லை. அந்தக் கோப்பின் பெயரில் கடைசி மூன்று எழுத்து ஏ.பி.கே. அப்படி முடிந்தால் அது ஆண்ட்ராய்டு போனில் ஏறி உட்காரும் ஒரு செயலி. உண்மையான பத்திரிகை படமாக வந்தால் ஜே.பி.ஜி. என்று முடியும், அச்சுத் தாளாக வந்தால் பி.டி.எப். என்று முடியும். பத்திரிகையைப் பார்க்க எந்தச் செயலியும் ஏற்ற வேண்டியது இல்லை.

ஏறி உட்கார்ந்ததும் அது கேட்கும் முதல் அனுமதி, குறுந்தகவல்களைப் படிக்க. அங்கேதான் பாங்கி அனுப்பும் ஓ.டி.பி. வருகிறது. வாட்ஸ்அப் அனுப்பும் ரகசிய எண்ணும் அங்கேதான் வருகிறது. இரண்டையும் எங்கேயோ உட்கார்ந்து இருக்கும் ஆசாமிக்கு அது தள்ளிவிடும். ஒன்றை வைத்துப் பணம். இன்னொன்றை வைத்து, உங்கள் நம்பரை அவன் தன்னுடைய போனில் ஏற்றிக்கொண்டு, உங்கள் குழுக்களில் உங்கள் பெயரால் அடுத்த வலையை வீசுவான்.

கல்யாணப் பத்திரிகை வேஷம் பற்றி 2024 நவம்பரிலேயே இமாசலப் பிரதேச போலீசார் எச்சரிக்கை விட்டார்கள். வேஷம் ஊருக்கு ஊர், சீசனுக்கு சீசன் மாறும். நம் ஊரில் 2022ல் என்ன நடந்தது? "போன மாதக் கட்டணம் பதிவாகவில்லை. இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் கரண்ட் துண்டிக்கப்படும். இந்த மின்வாரிய அதிகாரியுடன் பேசவும்" என்று தகவல் வந்தது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் கணக்கு எடுத்தார்கள். 'போன மாதக் கட்டணம்' என்கிற வார்த்தையிலேயே குட்டு வெளிப்பட்டு இருந்தது. ஆனாலும் பேசினார்கள். பேசியவர்களை ஒரு செயலியை ஏற்றச் சொல்லி, அவர்கள் போன் திரையையே பார்த்துக்கொண்டு பணத்தைச் சுருட்டினார்கள். இருட்டில் உட்கார யாருக்குத்தான் மனசு வரும்?

"எல்லாரும் வாழ்த்திக்கிட்டே இருந்தாங்க"

குழுவின் அட்மின், சங்கச் செயலாளர். துணிக்கடை வைத்து இருக்கிறார். வயது 50க்கு மேல். மளிகைக் கடைக்காரர் ஓடி வந்து விஷயத்தைச் சொன்னதும் அவர் முதலில் செய்தது, குழுவில் எழுதியது. "யாரும் அந்தப் பத்திரிகையைத் திறக்க வேண்டாம்."

யாரும் அதைப் படிக்கவில்லை. அதற்கு மேலும் கீழும் வாழ்த்துகள். பூங்கொத்துப் படங்கள். கைகூப்பும் படங்கள். எச்சரிக்கை அதில் புதைந்து போனது. பத்திரிகை மட்டும் அப்படியே இருந்தது. புதிதாக வந்து பார்த்தவர்கள் வரிசையாகத் திறந்துகொண்டு இருந்தார்கள். பூக்கார அம்மாள் திறந்தது செயலாளர் எழுதி 10 நிமிடம் கழித்துத்தான்.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் 22 வயது வாலிபர் ஒருவர்தான் கடைசியில் துணிக்கடைக்குள் நுழைந்தார்.

"அண்ணே, எழுதிக்கிட்டு இருக்காதீங்க. முதல்ல அதை அழிங்க."

"அவர் போட்டதை நான் எப்படித் தம்பி அழிக்கிறது?"

"நீங்க அட்மின். உங்களால முடியும்ணே."

முடியும். வேறு ஒருவர் போட்ட தகவலை எல்லார் திரையில் இருந்தும் நீக்கும் அதிகாரத்தை வாட்ஸ்அப் 2022ல் அட்மின்களுக்குக் கொடுத்தது. தகவல் மீது விரலை அழுத்திப் பிடித்தால் 'எல்லாருக்கும் நீக்கு' என்று வரும். செயலாளருக்கு மூன்று வருடமாக அது தெரியாது.

வாலிபர் சொல்லச் சொல்ல, செயலாளர் பத்திரிகையை நீக்கினார். அண்ணாச்சியின் நம்பரைக் குழுவில் இருந்து வெளியேற்றினார். ("மனசு கேக்கல. சங்கத்துல மூத்த ஆளு. ஆனா நம்பர்ல இருக்கிறது அவரு இல்லையே!") பிறகு அட்மின் தவிர யாரும் எழுத முடியாதபடி குழுவைப் பூட்டினார். அப்புறம்தான் ஒரே ஒரு எச்சரிக்கையைப் போட்டார். இந்தத் தடவை அதுதான் கடைசி வரியாக நின்றது. எல்லாரும் படித்தார்கள்.

இதை எல்லாம் முடிக்க 3 நிமிடம்கூட ஆகவில்லை. வெறுமனே எழுதிக்கொண்டு இருந்த நேரம்தான் 25 நிமிடம்.

வழக்கு வந்தால்?

செயலாளருக்கு இன்னொரு பயமும் இருந்தது. "குழுவுல எவனோ போட்டதுக்கு அட்மினைப் புடிப்பாங்கன்னு சொல்றாங்களே?"

இந்தக் கேள்வி கோர்ட்டு வரை போய் இருக்கிறது. கரூர் வக்கீல்கள் குழு ஒன்றில் உறுப்பினர்கள் போட்ட தகவலுக்காக, அட்மின் பெயரையும் வழக்கில் சேர்த்தார்கள். 2021 டிசம்பரில் ஐகோர்ட்டு மதுரை கிளை, அவர் அட்மின் வேலையை மட்டும்தான் பார்த்தார், வேறு எதிலும் பங்கு இல்லை என்று தெரிந்தால் அவர் பெயரை நீக்க வேண்டும் என்று போலீசாருக்கு உத்தரவிட்டது. ஆகவே பயந்துகொண்டு குழுவை அப்படியே போட்டுவிட்டு ஒதுங்க வேண்டியது இல்லை. அழிக்கிற வேலையைப் பார்க்கலாம்.

1930க்கு போன்

மருந்துக் கடை வாலிபர் அடுத்தபடியாக பூக்கார அம்மாளிடம் ஓடினார். அவருடைய போனில் சிம்மைக் கழற்றினார். அந்தப் போனில் பேசவில்லை. தன்னுடைய போனில் இருந்து 1930க்குப் பேசினார். இணையப் பண மோசடிக்கு என்றே உள்ள நாடு தழுவிய எண் அது. அங்கே சொன்னால், பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அந்தப் பாங்கிக்குத் தகவல் போகும். பணம் அங்கேயே இருந்தால் பிடித்து வைப்பார்கள். அடுத்த கணக்கு, அதற்கு அடுத்த கணக்கு என்று கைமாறி, ஏ.டி.எம்.மில் எடுத்துவிட்டால் முடிந்தது கதை. எனவே எல்லாம் நிமிடக் கணக்கு.

அம்மாளின் பணம் போனது 7.40. புகார் பதிவானது 8.20. ரூ.11 ஆயிரத்து 500ல் ரூ.7 ஆயிரம் பிடிபட்டது.

அண்ணாச்சியும் அன்று இரவு புகார் கொடுத்தார். அவருடைய ரூ.38 ஆயிரத்தில் ஒரு ரூபாய்கூட மிச்சம் இல்லை. மூன்று நாளில் அது எத்தனை கை மாறியதோ!

வாட்ஸ்அப்பை மீட்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. முதலில் போனில் இருந்த திருட்டுச் செயலியைத் துடைத்து எடுத்தார்கள். பிறகு தன்னுடைய நம்பரையே மறுபடி பதிவு செய்து, குறுந்தகவலில் வந்த எண்ணைப் போட்டதும், உள்ளே இருந்த ஆசாமி வெளியே விழுந்தான். திருடன் தன் பங்குக்கு ஒரு பூட்டு எண்ணைப் போட்டு வைத்து இருந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டி இருக்கும். நல்ல வேளை, அவன் அதைச் செய்யவில்லை. இப்போது அண்ணாச்சியே 6 இலக்க எண் ஒன்றை ரகசியப் பூட்டாகப் போட்டு இருக்கிறார்.

"அரசாங்கம் தடுக்காதா?"

டீக்கடையில் அடுத்த நாள் இதே பேச்சுதான். அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. கம்பெனிகள் அனுப்பும் குறுந்தகவலில் முன்கூட்டியே பதிவு செய்யாத இணைப்பு இருந்தால் அது போகக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் 2024 அக்டோபர் 1 முதல் கண்டிப்பு காட்டியது. 2025 மே மாதம் முதல், அப்படி வரும் தகவலை அனுப்பியவர் பெயரின் கடைசியில் ஒரு எழுத்தும் சேர்ந்தது. 'ஜி' என்று இருந்தால் அரசாங்கம். 'பி' என்றால் விளம்பரம். மின்வாரியம் என்று சொல்லிக்கொண்டு சாதாரண 10 இலக்க நம்பரில் இருந்து வந்தால் அங்கேயே சந்தேகப்படலாம்.

ஆனால் இந்தக் காவல் எல்லாம் குறுந்தகவல் வாசலில்தான். வாட்ஸ்அப் குழு வேறு வாசல். அங்கே அண்ணாச்சி பெயரில் வருகிறவனை எந்த ஆணையமும் நிறுத்தாது. அட்மின்தான் நிறுத்த வேண்டும்.

அபராதம் உண்மையா என்று பார்க்க வேண்டுமா? வந்த இணைப்பைத் தொடாமல், அரசாங்கத்தின் பரிவாகன் தளத்துக்கு நீங்களே போய் வண்டி நம்பரைப் போட்டுப் பார்க்கலாம். அரசாங்க முகவரி 'ஜி.ஓ.வி. புள்ளி ஐ.என்.' என்று முடியும். முடிகிற இடம்தான் முக்கியம். 'பரிவாகன்' என்கிற பெயரை எந்தத் திருடனும் முன்னால் ஒட்டிக்கொள்வான்.

ரெயில் ஏறினார்

ஞாயிற்றுக்கிழமை இரவு அண்ணாச்சி எழும்பூரில் ரெயில் ஏறினார். போனில் சொன்னால் பையன் வீட்டார் நம்புவார்களா? புகார் கொடுத்ததற்கு வந்த ரசீதை அச்சடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேரில் போனார். பையனின் அப்பா அதை இரண்டு தடவை படித்தாராம். பிறகு, "எங்க ஊர்ல ஒரு வாத்தியார் பேர்ல வந்துச்சு. அவரு பையனுக்குக் காதுகுத்துன்னு" என்று சொல்லி காபி கொண்டு வரச் சொன்னாராம். பேச்சு முறியவில்லை.

திரும்பி வந்ததும் அண்ணாச்சி கடைத்தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினார். புதன்கிழமை நடந்ததை மறைத்ததை அவரே சொன்னார். அதற்குப் பிறகுதான் தெரிந்தது, அந்தத் தெருவில் இன்னும் 4 பேர் இதே மாதிரி பணம் இழந்து, வெளியே சொல்லாமல் இருந்து இருக்கிறார்கள். அதில் ஒருவர், குழுவில் அன்றைக்கு முதலில் வாழ்த்துச் சொன்னவர்!

குழுவுக்கு இப்போது அட்மின்கள் 3 பேர். மூன்றாவது ஆள் மருந்துக் கடை வாலிபர். புதிதாக யாரும் சேர அட்மின் சம்மதம் வேண்டும். கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எதுவானாலும் குழுவில் பத்திரிகை போடக்கூடாது, தாளில் அச்சடித்து நேரில் தர வேண்டும் என்று சங்கத்தில் தீர்மானம். பக்கத்துத் தெரு அச்சகக்காரருக்குக் கொண்டாட்டம்.

பூக்கார அம்மாளுக்கு அந்த ரூ.7 ஆயிரம் இன்னும் கைக்கு வரவில்லை. யாரோ ஒருவன் கணக்கில் அது முடங்கி நிற்கிறது. மனுப் போட்டு இருக்கிறார்கள். புகார் எண்ணை ஒரு அட்டையில் எழுதி வாங்கி சுருக்குப் பையில் வைத்து இருக்கிறார். மருந்துக் கடை வாலிபர் அந்த வழியாகப் போகும்போது எல்லாம் அந்த அட்டையை எடுத்து நீட்டுகிறார்.

"தம்பி, இன்னிக்கு எதனா வந்துச்சா பாரு."